பாளயத்துக்கு வெளியே ஏழு நாள்

மலேசியாவில், எங்கள் கூலாய் வட்டாரத்தில் நீங்கள் எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போய், நடுவில் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டு வந்திருந்தாலும் சரி, அது கடைசியில் என் லோரியில்தான் ஏறியிருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். பதினைந்து வயதில் வாளி தூக்கினேன். அந்தக் காலத்தில் கடைவீதிக் கழிவறைகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்து நிறைந்த வாளியை எடுத்துவிட்டுக் காலி வாளியை வைக்க வேண்டும். இன்றைக்கு எனக்கு ஏழு லோரி ஓடுகிறது. குழாயை விட்டால் வீட்டுத் தொட்டியை இருபது நிமிடத்தில் உறிஞ்சிக் காலி செய்துவிடும். நான் ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவன். ஏழு லோரிக்கு மூன்று வகுப்பு போதும்.

இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் சபையில், பைபிளில் மோசேயின் சட்டம் இருக்கிற லேவியராகமத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நான்கு தடவை படித்தவன் நான் ஒருவன்தான். போதகரிடமே கேட்டேன், "பாஸ்டர், நீங்க எத்தனை தடவை?" அவர் சிரித்தார். சிரித்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

எது தீட்டு, தீட்டுப்பட்டவன் எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும், எந்தத் தண்ணீரில் குளிக்க வேண்டும், எப்படித் திரும்பி வர வேண்டும் என்று பக்கம் பக்கமாகச் சொல்கிற புத்தகம் அது. நம் ஆட்கள் அந்த இடம் வந்தால் நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதை ஏன் படித்தேன், படித்து என்ன தப்புப் பண்ணினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விஷயம் என் மனைவியின் உடம்பைப் பற்றியது. அவள் இதை வாசித்து, மூன்று இடத்தில் பேனாவால் அடித்து, சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே தருகிறேன். அடித்ததை நான் திரும்ப எழுதவில்லை. ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்று போகப்போகத் தெரியும்.

அவள் பொந்தியான் ஊர்க்காரி. அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவர், யாழ்ப்பாணத்து ஆள், பரம்பரைக் கிறிஸ்தவர். அவள் ஐந்தாம் பாரம்வரை படித்தவள். நான் தோட்டத்து ஆள், கோயில் திருவிழாவில் காவடி எடுத்தவன். அவர்கள் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன இடத்தில்தான் அவளைப் பார்த்தேன். ஒரு வருடம் கழித்துப் பெண் கேட்டு நானே போனேன். துணைக்கு யாரும் இல்லை. தைரியம்தான் துணை. அவள் அப்பா என் பெயரைக் கேட்கவில்லை. "தம்பி என்ன தொழில்?" என்றுதான் கேட்டார்.

"உங்க வீட்டுத் தொட்டி நிறைஞ்சா நீங்க யாரைக் கூப்பிடுவீங்களோ, அவன்தான் நான்."

உள்ளேயிருந்து அவள்தான் வந்தாள். "அப்பா, ஆறு மாதத்துக்கு இவையெல்லாம் வேலைக்கு வராட்டி பொந்தியான் என்ன ஆகும் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ" என்றாள். யோசித்தார். இரண்டு வருடம் யோசித்தார். பிறகு சரி என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தேன். தொட்டியில் முக்கி எடுக்கிற ஞானஸ்நானம். அன்றைக்குக் காலையில் வீட்டில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனேன். எனக்குப் பிறகு நாலு பேர் அதே தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது. என்னால் அது அழுக்காகிவிடக் கூடாதே. அப்போதிருந்த போதகரிடம் இதைச் சொன்னபோது அவர், "வீட்டிலேயே எல்லாத்தையும் கழுவிட்டு வந்துட்டா இந்தத் தண்ணிக்கு என்னப்பா வேலை?" என்றார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. நல்ல சோப்பு, விலை உயர்ந்த சோப்பு, அது மட்டும்தான் மனதில் நின்றது.

இப்போது நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் அவளுக்குக் குடலில் கட்டி. ஜொகூர் பாரு மருத்துவமனையில் அறுத்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் குடலின் நுனியை வயிற்றில் ஒரு துளை போட்டு வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இனிமேல் எல்லாம் அந்தப் பையில்தான். ஆயுசுக்கும்.

அதைப் பார்க்க அவள் மறுத்துவிட்டாள். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற நர்ஸ் வந்து பையை மாற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அதனால் நான் கற்றுக்கொண்டேன். பையின் வாயைத் துளைக்கு அளவாகக் கத்தரிக்க வேண்டும். கொஞ்சம் பெரிதாகிவிட்டால் தோல் வெந்து போகும், சின்னதாகிவிட்டால் உறுத்தும். இரண்டாம் நாளே நான் கத்தரித்ததைப் பார்த்த மிஸ்ஸி, "அங்கிள், ரொம்ப நீட்டா பண்றீங்க" என்றது.

"ஐம்பது வருஷ அனுபவம், மிஸ்ஸி. கசியாம பொருத்துறதுல இந்த ஜொகூர்ல என்னை மிஞ்ச ஆள் இல்லை."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள், "நான் என்ன உங்க எட்டாவது லோரியா?"

வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் சபைக்குப் போனோம். திருவிருந்து ஞாயிறு. முப்பது வருடமாக அவள் உட்கார்ந்த நாலாவது வரிசை, அதே நாற்காலி. போதகர் அப்பத்தைப் பிட்கிற நேரத்தில் சபை மூச்சுவிடாமல் இருக்கும். அந்த நேரம் பார்த்துப் பையிலிருந்து சத்தம் வந்தது. குடல் நம் பேச்சைக் கேட்காது. அது நினைத்தபோது காற்றை விடும். கொஞ்சம் வாடையும் வந்தது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடினார். என் மனைவி எழுந்தாள். அப்பம் வாங்காமல், திராட்சை ரசம் குடிக்காமல் வெளியே போய்விட்டாள்.

அதோடு சரி. ஏழு மாதம் அவள் சபைக்குப் போகவில்லை. மருத்துவமனையைத் தவிர வேறு எங்குமே போகவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் குளித்து, நல்ல சேலை கட்டி, வரவேற்பறையில் தொலைபேசியை மேசைமேல் நிறுத்தி வைத்து அதன் முன்னால் உட்காருவாள். எங்கள் சபை ஆராதனை நேரலையில் வரும். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாவற்றிலும் கலந்துகொள்வாள். திருவிருந்து ஆரம்பித்தால் மட்டும் அணைத்துவிடுவாள். போதகர் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். வேண்டாம் என்றாள்.

"அது மேசை, பாஸ்டர். எல்லாரும் ஒண்ணா வர்ற மேசை. எனக்கு மட்டும் தனியா பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தா, நான் வெளியதான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

அவர் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது அந்த மேசைக்கிட்ட நிக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா கால் வரமாட்டேங்குது."

நான் சும்மா இருப்பேனா? அடைப்பு என்று யாராவது கூப்பிட்டு நான் எடுக்காமல் திரும்பிய இடம் கிடையாது. தீட்டு என்று நினைத்துத்தானே இவள் ஒதுங்கி இருக்கிறாள், தீட்டைப் பற்றி எழுதியிருக்கிற இடத்திலேயே போய்ப் பார்த்துவிடுவோம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விரலை வைத்து எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். முதல் தடவை முடிக்க ஆறு வாரம் ஆனது.

என்ன புத்தகம் ஐயா அது! இதையா நாம் புரட்டித் தள்ளிக்கொண்டிருந்தோம்? தீட்டானதைத் தொட்டவன் துணியைத் துவைத்து, தண்ணீரில் குளித்து, சாயங்காலம்வரை தீட்டுப்பட்டிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப வருகிறது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என்னுடைய தினசரி வாழ்க்கை. வேலை முடிந்தால் வீட்டுக்குப் பின்னால் குழாயடிக்குப் போவேன், உடுப்பைத் தனி வாளியில் போடுவேன், குளிப்பேன், பொழுது சாய்ந்த பிறகு உள்ளே நுழைவேன். அதற்குப் பிறகு நான் முதலாளி, அப்பா, புருஷன். குளிப்பதற்கு முன்னால் நான் கெட்டவன் என்று அர்த்தமா? இல்லையே. செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டு வந்தவன். அந்தச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பிணத்தை யாராவது தூக்கி அடக்கம் பண்ணத்தானே வேண்டும்? பிள்ளை பெறத்தானே வேண்டும்? தீட்டு என்பது பாவம் இல்லை. வாழ்கிறவனுக்கெல்லாம் வருவது. வந்தால் திரும்பிப் போக ஒரு வழியும் போட்டு வைத்திருக்கிறது.

குஷ்டரோகியின் அதிகாரம்தான் என்னை ஆட்டிவிட்டது. அவன் ஜனங்கள் கூடாரமடித்துத் தங்கியிருக்கிற பாளயத்துக்கு வெளியே இருக்கிறான். குணமானால் உள்ளே வந்து ஆசாரியனிடம் காட்டு என்று சொல்லவில்லை. ஆசாரியன் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். அங்கி போட்ட பெரிய மனிதன் முள்ளிலும் மண்ணிலும் நடந்து அவன் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு பலியின் இரத்தத்தை எடுத்து அவனுடைய வலது காது மடலிலும் வலது கைக் கட்டைவிரலிலும் வலது கால் பெருவிரலிலும் பூச வேண்டும், அதன்மேல் எண்ணெய். இதே காது, இதே கை, இதே கால் என்று எங்கேயோ படித்தோமே என்று முன்பக்கங்களுக்குத் திரும்பப் புரட்டினேன். ஆரோனை ஆசாரியனாக ஆக்கினபோது பூசின அதே மூன்று இடம்! ஒதுக்கி வைக்கப்பட்டவன் திரும்பி வந்தால் அவனுக்கும் ஆசாரியனுக்குப் பூசின மாதிரியே பூச வேண்டும். படிப்பு இல்லாத எனக்கே அது தெரிந்தது. அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

கடைசியாக என் தொழிலையும் பார்த்துவிட்டேன். அது மோசேயின் இன்னொரு புத்தகமான உபாகமத்தில் இருக்கிறது. வெளிக்குப் போகிறவன் பாளயத்துக்கு வெளியே போய், ஒரு கோலால் மண்ணைத் தோண்டி, இருந்துவிட்டு, மண்ணால் மூட வேண்டும், ஏனென்றால் கர்த்தர் பாளயத்துக்குள் நடமாடுகிறார். கர்த்தரே கழிவுநீர்த் திட்டம் போட்டிருக்கிறார்! இதில் இன்னொன்றும் கவனித்தேன். இரத்தம் தீட்டு, பிணம் தீட்டு, சில கசிவுகள் தீட்டு. ஆனால் தினமும் வயிற்றிலிருந்து போகிறதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. இத்தனை நாள் விலகியிரு, இந்தப் பலி கொண்டு வா என்று எதுவும் இல்லை. மூடிவிடு, அவ்வளவுதான். பையும் மூடித்தானே இருக்கிறது?

போதகரைத் தேத்தண்ணீர்க் கடைக்கு வரச் சொன்னேன். அவர் என் மகன் வயசு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தச் சட்டத்தையெல்லாம் இயேசு நிறைவேத்திட்டாரு அங்கிள். இப்ப நமக்கு அது தேவையில்லை" என்றார்.

"தேவையில்லைன்னா ஏன் பாஸ்டர் இன்னும் அச்சடிச்சு விக்கிறீங்க?"

பாவம், தேத்தண்ணீர் புரையேறிவிட்டது. பிறகு நிதானமாக ஒன்று சொன்னார். "இயேசு குஷ்டரோகியைத் தொட்டாரு. பெரும்பாடுன்னு இரத்தப்போக்கு நிக்காத அந்த அம்மா அவரைத் தொட்டாங்க. சட்டப்படி அவருக்குத் தீட்டு வந்திருக்கணும். ஆனா அவர்கிட்ட இருந்த சுத்தம் அந்தப் பக்கம் போச்சு. கடைசியில அவரே ஊருக்கு வெளியதான் செத்தாரு. வெளிய இருக்கிறவங்களை உள்ள கூட்டிட்டு வர்றதுக்கு வெளிய போனாரு. அவ்வளவுதான் அங்கிள், மீதியெல்லாம் விளக்கம்." சின்ன வயசானாலும் ஆள் கெட்டிக்காரர். ஒத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஓடினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பட்டியலைப் பற்றி, கோலைப் பற்றி, மூன்று இடத்தில் பூசுவதைப் பற்றி எல்லாம் சொன்னேன். "உன்னைத் தீட்டுன்னு மோசே சொல்லவே இல்லை. நீ தாராளமா சபைக்குப் போகலாம்" என்று முடித்தேன்.

"மோசே சொல்லலைன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில சொல்லிக் கொடுத்தவ நான்" என்றாள். "அந்தம்மா மூக்கை மூடினாங்களே, அந்தக் கைக்குட்டைக்கு எந்த அதிகாரத்துல பதில் இருக்கு? அதைத் தேடிப் பிடிச்சுட்டு வாங்க. அப்ப வர்றேன்."

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. சபைதான் திருந்த வேண்டும், அதை நான்தான் திருத்த வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

எங்கள் சபையில் பிறந்தநாள் வந்தால் முன்னால் போய்க் காணிக்கை வைத்து, கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்வது வழக்கம். என் சாட்சி எப்போதும் நீளம். மக்கள் ஆசையாகக் கேட்பார்கள். அந்த மாதக் கடைசி ஞாயிறு என்னுடைய முறை. ஒலிவாங்கியைக் கையில் வாங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றில் துளை, பை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, அதை நான் என் கையால் எப்படி மாற்றுகிறேன், தோல் எங்கே சிவந்தது, சத்தம் எப்படி வரும். பிறகு லேவியராகமம். பிறகு, "மூக்கை மூடினவங்க இங்கதான் இருக்காங்க" என்று மூன்றாவது வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினேன். நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். போதகர் தலையைக் குனிந்துகொண்டார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு சாட்சி நான் சொன்னதில்லை என்ற நினைப்போடு இறங்கினேன்.

இறங்கும்போதுதான் பார்த்தேன். பீடத்துக்கு எதிரே மூன்று கால் தாங்கியில் தொலைபேசி நின்றது. நேரலை.

வீட்டில் அவள் சேலையோடு அதே நாற்காலியில் இருந்தாள். தொலைபேசி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. சாதாரணமாக அவளும் என்னைப்போலத்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் அவள் அப்பாவின் தமிழ் வந்துவிடும்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"நல்லதைத்தானே சொன்னேன். உன்னை உயர்த்தித்தானே…"

"எல்லாருக்கும் முன்னால என்ரை சேலையை அவிழ்த்துப்போட்டு, நல்ல சேலை எண்டு சொன்னனீங்கள்."

உட்கார்ந்தேன். அவள் உட்காரச் சொல்லவில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டாள், "மோசேயோட அக்கா தம்பியைப் பத்திக் கண்டபடி பேசினா. அவளுக்கு என்ன ஆச்சு?"

"குஷ்டம் வந்துச்சு."

"அப்புறம்?"

"பாளயத்துக்கு வெளியே… ஏழு நாள்."

"உங்க டிப்போவுல கட்டில் இருக்குல்ல?"

"பையை யாரு மாத்துவா?"

"அது என் பை" என்றாள்.

டிப்போ என்பது சேனாய் போகிற பாதையில், செம்பனைக்கு நடுவில் நான் வாங்கிப் போட்ட நிலம். லோரிகள் அங்கேதான் நிற்கும். ஓட்டுநர்கள் சாய்ந்துகொள்ள ஒரு அறையும் கட்டிலும் உண்டு. ஏழு லோரிக்குச் சொந்தக்காரன் ஒரு துணிப்பையோடு அங்கே போய் இறங்கினேன். என்னோடு இருபத்தைந்து வருடமாக இருக்கிற மூத்த ஓட்டுநர் மறுநாள் காலையில் என்னைக் கட்டிலில் பார்த்துவிட்டு, "அலமாக், முதலாளி! அம்மா தொரத்திட்டாங்களா?" என்றான்.

"தொரத்தல. இது சுத்திகரிப்பு. ஏழு நாள்."

"எங்க அப்பா செத்தப்ப எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. உங்களுக்கு ஏழுதானா? கிறிஸ்துவங்களுக்கு டிஸ்கவுண்ட்லா."

தினமும் மத்தியானம் அவன்தான் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுக் கேரியரை வாங்கி வருவான். அவள் குறை வைக்கவில்லை. ரசம், பொரியல், மீன்கூட இருந்தது. ஒரு வார்த்தைதான் இல்லை. நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். பை கசிகிறதோ, தோல் வெந்ததோ என்று எனக்கு ஒரே கவலை. "அம்மா எப்படி இருக்காங்க?" என்று ஓட்டுநரிடம் கேட்டால், "வாசல் கேட்டைப் பூட்டினபடியேதான் கொடுக்கிறாங்க. கை மட்டும் தெரியும்" என்பான்.

மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. வீடு நான் கட்டினது, கதவு நான் போட்டது. துணிப்பையை எடுத்துக்கொண்டு சாலைவரை நடந்தேன். அங்கே நின்று யோசித்தேன். ஏழு நாள் என்றால் ஏழு நாள். நடுவில் நானே என்னைச் சுத்தம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போக முடியாது. அதுதான் அந்தப் புத்தகத்தின் கண்டிப்பு. தன்னைத் தானே பார்த்துச் சான்றிதழ் கொடுத்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. நாள் போக வேண்டும். இன்னொருவர் வந்து பார்க்க வேண்டும். என் வாழ்க்கையில் எல்லாவற்றையும் நானே செய்துகொண்டேன் என்று சொல்லித் திரிகிறவன் நான். இது ஒன்றை நானே செய்துகொள்ள முடியாது என்று அந்தச் சாலையோரத்தில் தெரிந்தது. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள் அந்தக் கைக்குட்டை அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவரையும்தானே நான் கையை நீட்டிக் காட்டியிருந்தேன். ஒருவனுக்குத் தப்புப் பண்ணினால் பலி கொண்டுவருவதற்கு முன்னால் அவனிடம் போய்ச் சரிக்கட்டு என்று அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. கதவுக்கு வெளியே நின்றே மன்னிப்புக் கேட்டேன். அவர் அழுதுவிட்டார். "மூடினது உண்மைதாண்ணே. எங்கம்மாவைக் கடைசி ஒரு வருஷம் நான்தான் படுக்கையில வச்சுப் பார்த்தேன். அந்த வாடை வந்ததும் அவங்க ஞாபகம். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடினேன். உங்க வீட்டம்மா எந்திரிச்சுப் போனப்ப பின்னாடியே போயிருக்கணும். போகலை. அதுதான் என் தப்பு." இதை நம்புவதா வேண்டாமா என்று வண்டியில் ஏறும்வரை யோசித்தேன். நம்பினேன்.

ஏழாம் நாள் ஞாயிறு, திருவிருந்து ஞாயிறு. வெளியே என்றால் வெளியேதான். சபைக்குப் போகவில்லை. ஓட்டுநர் அறையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு தொலைபேசியை மேசைமேல் சாய்த்து வைத்தேன். பாடினேன். ஜெபித்தேன். போதகர் அப்பத்தைக் கையில் எடுத்தார். ஒவ்வொருவராக எழுந்து மேசைக்கு நடப்பது திரையில் தெரிந்தது. இவனுக்கு முன்னால் நான் நிற்பேன், இவளுக்குப் பின்னால் அவள் நிற்பாள். அந்த இடம் காலியாகக்கூட இல்லை. மற்றவர்கள் நெருங்கி நின்று வரிசை சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் அணைத்துவிட்டேன். அவள் ஏழு மாதமாக ஏன் அணைத்தாள் என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியவே தெரியாது. அவளோடு ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது.

எட்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். டிப்போ வாசலில் ஒரு கிராப் வாடகைக் கார் வந்து நின்றது. கதவு திறந்து அவள் இறங்கினாள். மருத்துவமனைக்கு அல்லாமல் அவள் வெளியே வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மூன்று லோரி கழுவிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் தண்ணீர், வாடை சொல்ல வேண்டியதில்லை. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் நடந்து வந்தாள்.

"நீ ஏன் வந்தே? நானே வந்திருப்பேனே!"

"வெளிய இருக்கிறவன் தானா உள்ள வரக் கூடாது. ஆசாரியன்தான் வெளிய போய்ப் பார்க்கணும். நாலு தடவை படிச்சீங்களே, இது தெரியாதா?" என்றாள். "நாக்கை நீட்டுங்க."

"இங்கயா?"

"நீட்டுங்க."

நீட்டினேன். எல்லா ஓட்டுநர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் குனிந்து, இப்படியும் அப்படியும் திரும்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "நீளம் குறையலை. ஆனா நிறம் பரவாயில்லை" என்றாள். சிரிப்புக் கிளம்பியது. அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்தில் அவளுடைய பையிலிருந்து சத்தம் வந்தது, நல்ல சத்தம். அவள் முகம் மாறியது. என் மூத்த ஓட்டுநர் குழாயைக் கீழே வைக்காமலே சொன்னான், "அம்மா, இங்க யாருக்கும் மூக்கு வேலை செய்யாது. முதலாளி எங்க மூக்கையெல்லாம் எப்பவோ கெடுத்துட்டாரு."

அவள் சிரித்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை என் கழிவு லோரிகளுக்கு நடுவில் பார்த்தேன். பெரிய பெரிய கட்டடத் திறப்பு விழாக்களுக்கு எல்லாம் போயிருக்கிறேன். அங்கெல்லாம் எனக்கு இப்படி மனம் நிறைந்ததில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் சொன்னாள், "செவ்வாய்க்கிழமை கண்ணாடி முன்னாடி நின்னு நானே மாத்தினேன். முதல் தடவையா அதைப் பார்த்தேன். நான் என்னமோ புண்ணு மாதிரி இருக்கும்னு நினைச்சேன். சிவப்பா, ஈரமா, ரோஜா மொட்டு மாதிரி இருக்கு. அவ்வளவு நேரம் சாட்சி சொன்னீங்களே, அதைச் சொல்லலையே."

"நான் அப்படிப் பார்க்கலையே."

"அதான்." கொஞ்ச தூரம் போன பிறகு, "உங்க வாயால எனக்கு நல்லது நடந்துச்சுன்னு யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. உங்களை மன்னிச்சேன். அது வேற. நான் கால் எடுத்து வெளிய வந்தது வேற. அது என் கால்."

சொல்லவில்லை. இங்கேயும் சொல்லவில்லை. பைக்குப் பயந்து இருட்டில் இருந்தவள், என்னைப் பார்ப்பதற்காக ஆசாரியன் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் வந்தாள். இதைத்தான் சொல்கிறேன். குஷ்டரோகியைச் சேர்த்துக்கொள்கிற சடங்கில் வருகிற இரத்தம், எண்ணெய், பறவை, ஈசோப்புக் கொத்து எல்லாம் போய்விட்டது. இன்றைக்கு நமக்கு அதில் என்ன மீதி என்று சபையில் கேட்கிறார்கள். யாராவது ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டும், அருவருப்பில்லாமல் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும். எனக்குத் தெரிந்து அதுதான் மீதி. அதைச் செய்கிற ஆள் போதகராகத்தான் இருக்க வேண்டும் என்று கிடையாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு சபைக்குப் போனோம். போவதற்கு முன்னால், உள்ளே வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பாட்டுக்கு மட்டும் அனுமதி. நாலாவது வரிசை, அதே நாற்காலி. கைக்குட்டை அம்மா திரும்பித் தலையசைத்தார். இவளும் தலையசைத்தாள். போதகர் அப்பத்தை எடுத்தார். வரிசை எழுந்தது. அவள் எழுந்தாள். நான் அவளுக்குப் பின்னால்.

மேசைக்கு மூன்று ஆள் இருக்கும்போது பை சத்தம் போட்டது. அமைதியான நேரம், எல்லோருக்கும் கேட்டது. ஒன்றிரண்டு தலைகள் அசைந்தன. இந்த இடத்தில் பத்து வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். அவள் வயிற்றின்மேல் கையை வைத்து மறைக்கவில்லை. இரண்டு கையையும் குழித்து முன்னால் நீட்டினாள். போதகர் அவளுக்காகப் பிட்கப்பட்ட கிறிஸ்துவின் சரீரம் என்று சொல்லி அப்பத்தை அதில் வைத்தார். அவள் மென்றாள், மெதுவாக, ஒரு நல்ல சாப்பாட்டை மெல்வதுபோல. ரசத்தைக் குடித்து, சின்னக் கிண்ணத்தைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

நான் அங்கேயே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையை நீட்ட மறந்துவிட்டேன்.

என்னைத் தாண்டிப் போகும்போது காதருகில் சொன்னாள், "போய் வாங்குங்க. பின்னால ஆள் நிக்குது."